இசைத்தட்டும் இசையரங்கும்: சொனி ரொலின்ஸ்



ஓர் இசைக்கலைஞரின் பெருமையை அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கொண்டு அளப்பதா, அன்றி அவரை அரங்கிலே கேட்டவர்கள் கூறும் சான்றைக் கொண்டு அளப்பதா? இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாவருக்கும் எழும் வினா இது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சக்சபோன் வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் சொனி ரொலின்ஸ் அவர்களின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடை தருகின்றது.

ஜாஸ் இசையில் பாட்டின் மெட்டு ஒரு தொடக்கமே. அதனை அடிப்படையாகக் கொண்டு, கலைஞர் அக்கணத்திலேயே புதியனவற்றைப் புனைந்து வாசிப்பதுதான் கச்சேரியின் உயிர். நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று வழங்குவதற்கு இது நெருங்கிய உறவுடையது. இன்று வாசித்தது நாளை வராது. இசைத்தட்டோ ஒருநாளின் வாசிப்பை என்றென்றைக்கும் உரியதாக நிறுத்திவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பிணக்கே ரொலின்ஸின் வாழ்க்கை முழுவதும் நாம் காண்பது.

அவர் 1930 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே பிறந்தார். பெற்றோர் கரீபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். இளமையில் போதைப்பொருட் பழக்கத்துக்கு ஆளாகிச் சிறையும் கண்டார். 1955 இல் சிகிச்சை பெற்று மீண்ட பின்னரே அவரது கலை முழுமலர்ச்சி எய்தியது.

1956 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றிலே, பியானோ, பாஸ், முரசு ஆகிய மூன்று பக்கவாத்தியங்களுடன் ஐந்து உருப்படிகளை அவர் பதிவு செய்தார். அதுவே ‘சக்சபோன் கொலோசஸ்’ என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டு. தாயின் தீவு மரபிலிருந்து வந்த கலிப்சோ மெட்டு ஒன்று ‘சென் தோமஸ்’ என்ற பெயரில் அதிலே துள்ளி விளையாடுகின்றது. நான்கு நாட்களின் பின், ரொலின்ஸுடன் ஒரே குழுவில் வாசித்துவந்த இளம் எக்காளக் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுண் வீதி விபத்தில் மாண்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அத்தகையோரின் நாதத்தை நாம் அறிவது இசைத்தட்டுகளாலேயே என்பதை மறத்தலாகாது.

அத்தட்டின் இறுதி உருப்படியான ‘ப்ளூ செவன்’ பற்றிக் குந்தர் ஷுலர் என்னும் இசையறிஞர் 1958 இல் விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார். தொடர்பற்ற அலங்காரங்களை அடுக்காமல், சிறியதொரு கருவை எடுத்து இறுதிவரை வளர்த்துச் செல்வதே ரொலின்ஸின் தனிச்சிறப்பு என்று அவர் நிறுவினார். இத்தகைய புகழ் பிறரை மகிழ்விக்கும். ரொலின்ஸையோ அது கூச்சங்கொள்ளச் செய்தது. தாம் இயல்பாகச் செய்ததை இனி எண்ணி எண்ணிச் செய்ய நேருமோ என்ற அச்சம் பிறந்தது; விமரிசனங்களைப் படிப்பதையே அவர் தவிர்க்கலானார்.

புகழின் உச்சியில் நின்ற 1959 ஆம் ஆண்டிலே அவர் மேடையை விட்டு விலகினார். தம் வாசிப்பு உலகம் புகழுமளவு தகுதியுடையதன்று என்பது அவர் தீர்ப்பு. அயலாரின் அமைதி கெடாதிருக்க, மன்ஹற்றனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்று, கீழே ஆறும் அருகே புகைவண்டியும் இரைய, நாள்தோறும் பல மணி நேரம் சாதகம் செய்தார். 1961 இல் மேடைக்கு மீண்டார். மறு ஆண்டு வெளிவந்த தட்டுக்குப் ‘பாலம்’ எனப் பொருள்படும் பெயரே அமைந்தது. கேட்பாரற்ற இடத்தில் உழைக்கத் துணிந்த அந்த அடக்கத்தை நம் மாணவர்க்கு எடுத்துரைக்க நான் தயங்குவதில்லை. பின்னர் 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் வந்து, பம்பாயின் பவாய் ஆசிரமம் ஒன்றில் தங்கி யோகம் பயின்றார்.

1970களின் பின் அவர் வெளியிட்ட தட்டுகளைக் கேட்டவர்கள், ‘அரங்கிலே நாம் கண்ட பேராற்றல் இங்கே எங்கே?’ என்று ஏங்கினர். ஒலிப்பதிவுக்கூடத்தில் எதிரே கேட்போர் இல்லை. காலமும் அளந்து தரப்படுவது. தம் பதிவுகளைத் தாமே கேட்பதும் அவருக்கு வேதனையாயிருந்தது. அரங்கிலோ அவர் வேறொருவர். 1986 இல் நியூயோர்க் மாநிலத்துப் பழைய கற்குழி ஒன்றில் நடந்த கச்சேரியில் மேடையிலிருந்து பாறைமீது குதித்துக் குதிகால் எலும்பை முறித்துக்கொண்டார். மல்லாந்து கிடந்தபடியே வாசிப்பைத் தொடர்ந்தார். திரைப்படமாகப் பதிவான நிகழ்ச்சி இது.

2001 செப்டெம்பர் 11 இல் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது அவற்றுக்கு மிக அண்மையிலே அவர் குடியிருந்தார். மறுநாள் சக்சபோனை மட்டும் ஏந்தி வீட்டைவிட்டு வெளியேறினார். பொஸ்டன் நகரில் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்த கச்சேரியைக் கைவிட எண்ணியவரை, மனைவி லூசில் அம்மையார் வற்புறுத்தி அனுப்பினார். செப்டெம்பர் 15 ஆம் திகதி, எழுபத்தொரு வயதில், துயருற்ற மக்கள்முன் அவர் வாசித்தார். இரசிகர் ஒருவர் அதனைத் தம் சொந்த ஆர்வத்தால் பதிவு செய்து வைத்திருந்தார். 2005 இல் அது ரொலின்ஸின் இசைவுடன் வெளிவந்து, அதிலுள்ள ஒரு தனிவாசிப்பு கிராமி விருதும் பெற்றது. 2008 முதல் அவர் தாமே தெரிந்தெடுத்து வெளியிட்ட நான்கு தொகுதிகளும் பெரும்பாலும் இவ்வாறு அரங்கிலே பிடிக்கப்பட்டவையே.

2012 இல் இறுதியாக மேடையேறிய அவர், நுரையீரல் நோயினால் 2014 இல் வாசிப்பை முற்றாக நிறுத்தினார். 2017 இல் அவருடைய குறிப்பேடுகளும் ஒலிநாடாக்களும் அவர் பிறந்த ஹார்லெமிலுள்ள ஷொம்பேர்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தன.

ஆகவே, நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை யாது? அரங்கிலே பிறந்த நாதம் அவ்விடத்திலேயே அடங்கிவிடும். அதனைப் போற்றிக் காத்தவர் ஒருவரேனும் இருந்தாலன்றி, வரலாறு அதனை அறியாது. கலைஞரை வியந்தால் மட்டும் போதாது. கேட்டதைப் பேணிவைப்பதும் கேட்பவரின் கடமையே. பொஸ்டன் நகரின் அந்த ஓர் இரவு இன்றும் நமக்குக் கேட்பது அக்கடமையை ஒருவர் உணர்ந்ததனாலன்றோ!