டிராயை வென்றோர் வீடு திரும்பிய கதை

யவனரின் தத்துவத்தையும் மருத்துவத்தையும் விரும்பிப் பெயர்த்த அரபு அறிஞர்கள், அவர்தம் காவியங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஹோமரின் அடிகளை யவன மொழியிலேயே ஓதினார் என இப்னு அபீ உஸைபிஆவின் நூலில் காண்கிறோம். எனினும், ஸுலைமான் அல்-புஸ்தானீயின் இலியட் அரபியில் வெளிவந்தது 1904-இல்தான்.

டிராயை வென்றோர் வீடு திரும்பியதைப் பாடிய ‘நோஸ்தோய்’ காவியமோ யவனத்திலேயே அழிந்தொழிந்தது. ஐந்து பகுதிகள் கொண்ட அதற்குப் புரோக்ளஸின் சுருக்கமே எஞ்சியுள்ளது. நெஸ்டரும் டயோமிடீஸும் நலமே ஊர் சேர்ந்தனர். மெனிலாஸ் ஐந்து கப்பல்களோடு எகிப்தில் ஒதுங்கினான். படைத்தலைவன் அகமெம்னோனைக் கடல் விட்டது; வீடு விடவில்லை. மனைவியும் அவள் கள்ளக் காதலனும் அவனைக் கொன்றனர்.

நம் நெஞ்சை உறுத்துவது லோக்ரிஸ் நாட்டு அஜாக்ஸின் முடிவே. ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த கஸாந்திராவைச் சிலையோடு பற்றி இழுத்தவன் அவன். எவர் ஆலயமாயினும் அடைக்கலம் அடைக்கலந்தானே! கஃபேரியப் பாறைகளருகே அவன் மாண்டான். பழி மாளவில்லை. அதற்கு ஈடாக லோக்ரிஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் கன்னியரை டிராய் ஆலயப் பணிக்கு அனுப்பினர் என்பர். இது வெறுங்கதையன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சாசனமொன்று, அக்கன்னியரின் அணிக்கும் உணவுக்கும், அவர்தம் பெற்றோரின் பராமரிப்புக்கும் தரவேண்டியதை வரையறுத்துள்ளது.