பாரும் அக்கோயாவும்

ஆங்கிலத்தில் வரும் முத்து நகை விளம்பரங்களில் ‘அக்கோயா’ என்ற ஜப்பானியச் சொல்லைப் பலர் கண்டிருக்கலாம். ஜப்பானியர் அந்தச் சிப்பியை அக்கோயா-கை என்பர். ‘கை’ என்பது சிப்பியைக் குறிக்கும். ஆங்கிலம் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்து முத்துக்கு அடைமொழி ஆக்கியது. அந்த அடைமொழியே பின்பு பெயராகி, ஜப்பானிய மொழியில் இல்லாத பன்மை விகுதியும் சேர்ந்து, வணிகர் எழுத்தில் ‘அக்கோயாஸ்’ என்று நிற்கிறது. சீனாவிலும் வியட்நாமிலும் விளையும் முத்துக்கும் இன்று அதுவே பெயர்.

இந்தச் சிப்பி தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரருக்கு அந்நியம் அன்று. நம் ஊருக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவில் வாழும் பிங்க்டாடா ஃபுகாட்டா, ஜப்பானியச் சிப்பியின் மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே இனம் என்று கொள்ளும் விலங்கியலாரும் உண்டு. கொற்கையின் முத்துக்குளிப்பைப் பெரிபுளூஸ் என்னும் கடல்வழி நூலை எழுதிய கிரேக்க வணிகன் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்தான். அவ்வளவு பழைய உறவு இருந்தும் கடைச்சீட்டில் நம் சொல் ஒன்றுகூட இல்லை.

ஒரு காலத்தில் ஆங்கில வாக்கியத்துக்குள் நம் சொல்லும் இருந்தது. இலங்கை அரசுக்காக விலங்கியலார் ஹெர்ட்மன் எழுதிய முத்துச்சிப்பி அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. கடலடியில் சிப்பி படியும் கல்திட்டுக்குத் தமிழர் வழங்கும் ‘பார்’ அதில் ஆங்கிலப் பன்மையோடு வருகிறது. பெரிய பார் அங்கும் பெரிய பார்தான். நம் கரையைப் பற்றி 1922இல் சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஹார்னெல் எழுதியபோதும் தொள்ளாயிரம் பார் தன் பெயரோடே ஏறியது. ஆங்கிலத்தில் வேறு சொல் இல்லாமல் இல்லை. எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்பது சம்மாட்டிக்கும் குளியாளுக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்டே எழுத வேண்டியிருந்ததால் அவர்கள் சொல்லும் கூடவே சென்றது.

நம் பக்கத்துக் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் நடந்தது. பார் என்னும் சொல் ஆய்வேடுகளில் தங்கிவிட்டது, சந்தைக்குப் போகவில்லை. மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்தை விளைவித்தது முதல் ஜப்பானியர் வளர்ப்பு முத்துக் கலையை வளர்த்தெடுத்து உலகச் சந்தையைப் பிடித்திருந்தனர். தொழில் அவர்கள் கைக்குப் போனதும் பெயரிடும் உரிமையும் அவர்களுடையதாயிற்று. இதில் அவர்கள்மேல் குறை சொல்ல ஏதுமில்லை.

நமக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி 1973 ஜூலையில் வேப்பலோடையில் உருண்டை முத்தை விளைவித்தார். இந்தியாவில் அதுவே முதன்முறை. நம் சிப்பியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கும் வழியும் 1981இல் தூத்துக்குடியில் கைகூடியது. நம் வெதுவெதுப்பான நீரில் முத்துப்பூச்சு ஜப்பானியக் குளிர்நீரைவிட விரைவாகப் படிகிறது. இத்தனை இருந்தும் அந்த முத்துக்குக் கடலோர மக்களின் பெயர் ஒன்றை யாரும் வைக்கவில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

சங்கின் கதை வேறு. இங்கு எடுத்த சங்கு வளையலுக்காக வங்காளம் சென்றது. குளிப்பும் விற்பனையும் நிற்கவில்லை. ‘சாங்க்’ என்ற வடிவில் அது ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருக்கிறது.

திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிப்பவர்களிடமிருந்து பார்களின் பெயர், ஆழம், அடையாளம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலக் கடல் வரைபடங்களிலும் அதே பெயர்களைப் பொறிக்க வேண்டும். இக்கரையில் முத்து வளர்ப்பு மீண்டும் தொழிலாகும் நாளில், விற்பனைச்சீட்டில் கொற்கை முத்து என்றே எழுத வேண்டும்.