எக்ஸ்.கியூ.டி: வேகமான காட் ஏன் நிலைக்கவில்லை?

மெமரி காட் வாங்கும்போது நாங்கள் வழமையாகக் கேட்பது "எத்தனை ஜீபீ?" எண்டுதான். ஆனால் அதன் வரலாற்றைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்தக் காட்டை எந்தெந்தக் கம்பனிகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன?

1994இல் சான்டிஸ்க் கொம்பாக்ட் ஃப்ளாஷை அறிமுகப்படுத்தியது. பிறகு ஆளுக்கொரு காட் வந்தது. சோனி மெமரி ஸ்டிக்கைக் கொண்டுவந்தது, ஒலிம்பஸும் பியூஜியும் எக்ஸ்.டி.யைக் கொண்டுவந்தன. சிறிய கமராக்களில் கடைசியில் வென்றது எஸ்.டி. பெரிய கமராக்களில் கொம்பாக்ட் ஃப்ளாஷ் நீண்டகாலம் நின்றுபிடித்தது. அதன் 50 ஊசிகளும் கமராவுக்குள் இருந்தன. ஒண்டு வளைந்தாலும் கமராவைத்தான் திருத்தக் குடுக்கவேணும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். எடுத்த படம் நேரே காட்டுக்குப் போவதில்லை, முதலில் கமராவின் பஃபரில் தங்கும். காட் மெதுவாக எழுதினால் பஃபர் நிரம்பிவிடும், தொடர்ந்து படமெடுக்க ஏலாது. கொம்பாக்ட் ஃப்ளாஷின் உச்சவரம்பு செக்கனுக்கு 167 மெகாபைற்.

2010இல் சான்டிஸ்க், சோனி, நிக்கோன் மூன்றும் சேர்ந்து புதிய காட் ஒன்றை முன்மொழிந்தன. கணினிகளில் இருக்கும் பீ.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பையே அது பயன்படுத்தியது. எக்ஸ்.கியூ.டி. எண்டு பெயர் வைத்தார்கள். 2012இல் நிக்கோன் டி4 அதோடு வந்தது.

தொழில்நுட்பம் நல்லதுதான். ஆனால் கூட்டாளிகள் நிலைக்கவில்லை. முன்மொழிந்த சான்டிஸ்க்கே போட்டிக் காட்டான சீஃபாஸ்ட்டைத் தயாரித்தது. 2016இல் கனன் தன் 1டி எக்ஸ் மார்க் 2இல் சீஃபாஸ்ட்டைப் போட்டது. அதே வருசம் நிக்கோன் டி5ஐ இரண்டு வகையாக விற்றது: ஒன்று எக்ஸ்.கியூ.டி.க்கு, மற்றது பழைய கொம்பாக்ட் ஃப்ளாஷுக்கு. நிக்கோன் வாடிக்கையாளர்களே முழுதாக மாறவில்லை எண்டது இதிலேயே தெரிகிறது. 2018இல் லெக்ஸாரும் எக்ஸ்.கியூ.டி.யைக் கைவிட்டது.

காட் தோற்றாலும் அதன் உருவம் பிழைத்தது. 2017இல் வந்த சீஎஃப் எக்ஸ்பிரஸ் அதே அளவையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டது. அதனால் நிக்கோன் இசட்6, இசட்7 போன்ற கமராக்கள் வெறும் மென்பொருள் புதுப்பிப்பால் புதிய காட்டை ஏற்றன. கனனும் இந்தப் பக்கம் வந்தது. சண்டை முடிந்தது எண்டு நினைக்க, 2019இல் அந்தத் தரமே ஏ, பி, சி எண்டு மூன்று அளவாகப் பிரிந்தது. சோனி சிறிய ஏ வகையை எடுத்தது. பி வகைக் காட் அதற்குள் போகாது.

கம்பனிகள் பக்கம் மாறும்போது செலவு வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது. காட்டோடு ரீடரையும் மாற்றவேணும். பழைய கமரா வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. அதனால் கமராவின் விலையோடு அதற்குரிய காட்டின் விலையையும், அது இன்னும் கிடைக்குதா எண்டதையும் விசாரியுங்கள். லாச்சிக்குள் கிடக்கும் பழைய காட்களில் கலியாணப் படங்களோ ஊர்ப் படங்களோ இருந்தால், வாசிக்க ரீடர் கிடைக்கும்போதே பிரதி எடுத்துவிடுங்கள்.