உரித்து மீண்டும் ஒட்டல்: கார் கண்ணாடி ஃபிலிம் தொழிலும் பழுதுக்குப் பொறுப்பேற்கும் வழக்கமும்

காரின் கண்ணாடியில் ஒட்டப்படும் சன் ஃபிலிம், ஒருமுறை ஒட்டி முடித்த பின்பு பகுதி பகுதியாகத் திருத்த இயலாத பொருள்களுள் ஒன்றாகும். தகரத்தில் விழுந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தலாம், பெயின்டில் விழுந்த கீறலைத் தேய்த்து மறைக்கலாம், இருக்கை உறையின் தவறான தையலைப் பிரித்துத் தைக்கலாம். ஆனால் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தூசி சிக்கிக்கொண்டால், அந்த ஒரு துகளுக்காக முழுத் துண்டையும் உரித்தெடுத்து, பசையைக் கழுவி, புதிய துண்டை வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பழுது என்று வந்துவிட்டால் வேலை முழுவதையும் முதலிலிருந்தே செய்ய வேண்டியிருப்பதால், ஒட்டியவரே வண்டியைத் திரும்பப் பெற்றுக் கூலியின்றி மறுபடி ஒட்டித் தரும் வழக்கம் இத்தொழிலின் வளர்ச்சியோடு பிரிக்க முடியாதபடி பின்னிப்பிணைந்து வந்திருக்கிறது. எது பழுது, எவ்வளவு நாள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும், பழுது பொருளுடையதா கையுடையதா என்னும் கேள்விகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடப்பட்டு வந்த விடைகளிலேயே இத்தொழிலின் வரலாறு பெருமளவு அடங்கியுள்ளது.

கண்ணாடியின் வழியே வரும் வெயிலைத் தணிக்க வேண்டும் என்ற எண்ணம் ஃபிலிமுக்கு முந்தையது. அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்திலேயே, வார்க்கும்போதே நிறம் சேர்க்கப்பட்ட கண்ணாடிகள் கார்களில் பொருத்தப்பட்டன.  ஏற்கெனவே பொருத்தப்பட்ட கண்ணாடியின் மேல் ஒட்டத்தக்க மெல்லிய தாள் வேண்டுமானால் அதற்கு ஏற்ற பிளாஸ்டிக் முதலில் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1941ஆம் ஆண்டு வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த பாலியெஸ்டர், அடுத்த பத்தாண்டில் மெல்லிய தாளாக இழுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தபோது அந்தத் தேவை நிறைவேறியது. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி அத்தாளின் மேல் படியவைக்கும் முறையும் கைவந்த பின்னர், 1966இல் திரீஎம் நிறுவனம் வெயில் தடுக்கும் ஜன்னல் ஃபிலிமுக்குக் காப்புரிமை பெற்றது. அது முதலில் நாடியது கட்டடங்களின் ஜன்னல்களையே. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி குளிரூட்டும் செலவைப் பற்றிய கவலையைக் கூட்டியபோது ஃபிலிமின் தேவையும் பெருகியது. கார்கள் அதன் பின்னாலேயே வந்தன.

காருக்கான ஃபிலிம் பார்வைக்கு ஒரே தாளாகத் தெரிந்தாலும் பல அடுக்குகளால் ஆனது. கண்ணாடியைப் பற்றும் பசை, சாயமோ உலோகமோ ஏற்றப்பட்ட பாலியெஸ்டர், அதன் மேல் கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு ஆகியவை சேர்ந்தும் மொத்தக் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் அளவே இருக்கும். ஒட்டும்வரை பசையைக் காக்கும் தாள் வேலையின்போது உரித்தெறியப்படும். தொடக்ககால ஃபிலிம்களில் கடினப் பூச்சு இல்லாததால், கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதே கோடுகள் விழுந்தன. அதைவிடப் பெரிய குறை நிறத்தில் இருந்தது. கறுப்பாகத் தோன்றிய சாயம் உண்மையில் பல சாயங்களின் கலவை; புற ஊதாக் கதிரில் அவை எல்லாம் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை; விரைவில் அழிவன அழிந்த பிறகு எஞ்சியவை கண்ணாடியை ஊதாவாக்கின. பசை சோர்ந்த இடங்களில் கொப்புளங்கள் எழுந்தன. பழைய கார்களின் பின்கண்ணாடியில் இன்றும் காணக்கிடைக்கும் ஊதா நிறமும் கொப்புளமும் ஒட்டியவரின் கைப்பிழையால் நேர்ந்தவை அல்ல, பொருளின் பிழையால் நேர்ந்தவை. இந்த வேறுபாட்டை வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டிய கட்டாயத்திலிருந்தே இத்தொழிலின் இரட்டை உத்தரவாத முறை உருப்பெற்றது எனலாம். நிறம் மாறுதல், கொப்புளித்தல், அடுக்குகள் பிரிதல் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. தூசி, மடிப்பு, ஓர இடைவெளி, கீறல் ஆகியவற்றுக்கு ஒட்டியவர் பொறுப்பு. காகிதத்தில் தெளிவாக இருக்கும் இந்தப் பங்கீடு, வண்டியின் முன்னே நின்று பேசும்போது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஓரம் பெயர்ந்தால் பசை கெட்டது என்பார் கடைக்காரர், கண்ணாடி சரியாகக் கழுவப்படவில்லை என்பார் தயாரிப்பாளர்; இருவருக்கும் நடுவே நிற்பவர் வண்டி உரிமையாளர்.

ஒட்டும் முறை இன்றும் பெரும்பாலும் கைத்தொழிலே. ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, பிளேடால் கண்ணாடியைச் சுரண்டிக் கழுவி, வெளிப்புறத்தில் ஃபிலிமை விரித்து அளவுக்கு வெட்டி, பாதுகாப்புத் தாளை நீக்கி, ஈரத்தோடு உட்புறத்தில் படியவைத்து, ஸ்க்யூஜி எனப்படும் ரப்பர் விளிம்புள்ள தகட்டால் தண்ணீரை வெளியே தள்ளுவது இதன் சுருக்கம். பக்கக் கண்ணாடிகள் ஓரளவு தட்டையானவை என்பதால் இடர் குறைவு. பின்கண்ணாடியோ இரு திசைகளிலும் வளைந்தது. தட்டையான தாள் அதன் மேல் சீராகப் படியாது, ஓரங்களில் விரல் விரலாக மடிந்து நிற்கும். முற்காலத்தில் இதற்குத் தீர்வாகத் தாளைப் பட்டைகளாகக் கீறி, பின்கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிக் கோடுகளை ஒட்டி இணைப்பு மறையும்படி சேர்த்தனர். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் தாளைச் சுருக்கி, கண்ணாடியின் வளைவுக்கே வார்த்தெடுக்கும் நுணுக்கம் பரவிய பின்பே பின்கண்ணாடி முழுவதும் ஒரே துண்டாக ஒட்டப்படலாயிற்று. ஃபிலிம் பெரும்பாலும் சுருளின் நீளவாக்கிலேயே சுருங்கும் தன்மையுடையது. இதை அறியாமல் குறுக்காக விரித்தவர் எவ்வளவு சூடு காட்டினாலும் மடிப்பு அடங்காது, சூடு மிகுந்தால் தாள் பொசுங்கும். தேர்ந்த கையையும் பழகாத கையையும் பிரித்துக் காட்டிய முதல் எல்லை இதுவே.

ஒட்டிய மறுநாள் கண்ணாடியில் காணப்படும் எல்லாக் குமிழ்களும் பழுதல்ல என்பது, தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளருக்குச் சொல்லிவரும் செய்தி, அது உண்மையும்கூட. உள்ளே சிக்கிய தண்ணீர் ஃபிலிமின் வழியே மெல்ல மெல்ல ஆவியாக வேண்டும். அதுவரை பனி படர்ந்ததுபோன்ற மங்கலும் சிறு நீர்த்துளிகளும் தெரியும். வெயில் காலத்தில் சில நாள்களிலும், மழைக்காலத்தில் சில வாரங்களிலும் அவை மறையும். அந்நாள்களில் கண்ணாடியை இறக்கக் கூடாது என்ற அறிவுரைக்கும் இதுவே காரணம், ஏனெனில் உலராத ஓரம் கதவின் ரப்பரில் சிக்கிப் பெயர்ந்துவிடும். காற்றுக் குமிழோ ஆவியாவதில்லை. நீர்க்குமிழை விரலால் அழுத்தினால் நகரும், காற்றுக் குமிழ் அழுத்திய இடத்திலேயே திரும்ப எழும் என்று அனுபவசாலிகள் பிரித்தறிவர். தூசித் துகளைச் சுற்றித் தாள் கூடாரம்போல் தூக்கி நிற்கும். எத்தனை வாரம் ஆனாலும் அது படியாது. மேல் ஓரத்தில் ஒளி கசியும் இடைவெளி, உள்ளே வெட்டும்போது கத்தி கண்ணாடியில் விட்ட கோடு, பின்கண்ணாடி விளிம்பின் கறுப்புப் புள்ளிப் பட்டையில் பசை பற்றாமல் தெரியும் வெண்மை ஆகியவையும் அடிக்கடி எழும் புகார்கள். இவற்றுள் கடைசியானது, மேடுபள்ளமான அந்தப் புள்ளிகளின் இயல்பால் நேர்வது என்பதால், அதைப் பழுதென்று கொள்வதா என்பதில் தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

இத்தகைய வழக்குகளுக்கு அளவுகோல் வகுக்கும் முயற்சி கட்டடங்களுக்கான ஃபிலிமில் தெளிவாக நிகழ்ந்தது. பன்னாட்டு ஜன்னல் ஃபிலிம் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, ஒட்டிய கண்ணாடியை அறைக்குள்ளிருந்து நேர்க்கோணத்தில், 2 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், நேரடி வெயில் படாத இயற்கை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்கிறது. விளிம்பைச் சுற்றி 50 மில்லிமீட்டர் அகலம் கணக்கில் வராது. தண்ணீரை வெளியேற்றுவதற்காக ஓரத்தில் விடப்படும் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இயல்பானது. ஃபிலிம் முழுவதும் உலர 30 நாள் நியாயமான காலம். அந்தத் தூரத்திலிருந்து தூசி, முடி, மடிப்பு, கீறல் முதலியவை கண்ணை உறுத்தாவிட்டால் வேலை ஏற்கத்தக்கது. கட்டடத்துக்குப் பொருந்தும் இந்த அளவு காருக்கு அப்படியே பொருந்தாது. ஓட்டுநரின் முகம் பக்கக் கண்ணாடியிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளியிருப்பதில்லை. 2 மீட்டரில் மறையும் துகள் அவ்வளவு அருகில் ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே நிற்கும். எனவே கார்த் தொழிலில் எழுதப்பட்ட விதியைவிட, 30 நாள் பொறுத்த பின் வண்டியைக் கொண்டுவந்து இருவரும் சேர்ந்து பார்த்து முடிவுசெய்யும் எழுதப்படாத முறையே வலுப்பெற்றது. நியாயமான முறை அது. ஆனால் பொறுத்திருக்கச் சொல்வதையே கைகழுவும் உத்தியாகக் கொண்ட கடைகளிடம் அதனால் ஏமாந்தவர்களும் உண்டு.

மறுபடி ஒட்டுவதில் ஒட்டுதலைவிட உரித்தலே ஆபத்தானது. புதிய ஃபிலிம் எளிதில் வந்துவிடும். வெயிலில் காய்ந்த பழையதைச் சூட்டாலோ நீராவியாலோ இளக்கி, ஒரே தாளாக மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் மட்டும் கிழிந்து வர, பசை கண்ணாடியிலேயே தங்கும். பக்கக் கண்ணாடியில் பிளேடு கொண்டு சுரண்டலாம், ஆனால் பின்கண்ணாடியின் கம்பிக் கோடுகள் கண்ணாடியின் உட்பரப்பில் மெல்லியதாகப் பதிக்கப்பட்ட மின்கடத்திகள் என்பதால், பிளேடு பட்டால் அறுந்துவிடும். சிறு தூசிக்காகப் பின்கண்ணாடியை உரிக்கத் தேர்ந்த கைகளும் தயங்குவதற்கு இதுவே காரணம். ஃபிலிமின் விலையும் இரட்டிப்பான உழைப்பும் ஒட்டியவர் தலையிலேயே விழுகின்றன. அப்படியிருந்தும் ஒட்டியவரிடமே திரும்பிச் செல்லும் வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. வேறொருவர் கைவைத்து உரித்துவிட்டால் முதலில் நேர்ந்த பழுது இன்னதென்று காட்டும் சான்றே அழிந்துவிடும், அதன்பின் யாரிடமும் பொறுப்புக் கேட்க இயலாது.

இந்தியாவில் இந்த வழக்கம் ஒரு கட்டத்தில் சட்டத்தால் அறுபட்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உட்புக விட வேண்டும் என்று வரையறுத்தது. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அளவு கண்ணாடி தயாரிக்கப்படும்போதே இருக்க வேண்டியது என்றும், பின்னர் எந்த ஒளி அளவிலும் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சாலைகளிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்கள் நிறுத்தப்பட்டன. சென்னையில் கார் அலங்காரப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஜி.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களில் ஒட்டிப் பிழைத்தவர்களுக்கு உரிப்பது வேலையாயிற்று. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள சேவைக்குப் பரிகாரம் கேட்கும் உரிமையை அதற்கு முன்பே அளித்திருந்தது. ஆனால் ஒட்டுவதே தடைசெய்யப்பட்ட நிலையில், பெயர்ந்த ஃபிலிமை மறுபடி ஒட்டித் தரும்படி கேட்பதற்கு எவருக்கும் இடமில்லாமல் போயிற்று. பல ஆண்டு உத்தரவாதம் பெற்ற தரமான ஃபிலிமும் மலிவான சாயத்தாளும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டதே இத்தீர்ப்பின் விளைவுகளில் தொழிலை மிகவும் பாதித்தது.

100ஆம் விதியில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதுகாப்புக் கண்ணாடி என்ற சொல்லோடு, உட்புறம் பிளாஸ்டிக் அடுக்குள்ள கிளேசிங் என்னும் வகையையும் விதிக்குள் கொண்டுவந்தது. இதன் அடிப்படையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ் 2024 செப்டம்பரில், வரையறுத்த ஒளி அளவைப் பேணும் ஃபிலிமை ஒட்டியதற்காக அபராதம் விதிக்க இயலாது என்று தீர்ப்பளித்தார். 70, 50 என்னும் எண்கள் இதனால் பழுது பார்த்தலுக்குள்ளும் நுழைந்தன. கண்ணாடிக்கே சிறிது நிறம் உண்டு என்பதால், 70 விழுக்காடு என்று அச்சிடப்பட்ட ஃபிலிம் அதன் மேல் ஒட்டப்பட்டதும் மொத்த அளவு 70க்குக் கீழே இறங்கிவிடும். தூசியோ மடிப்போ இல்லாத வேலையும் விதியின்படி பழுதாகிவிடும். 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர இடமளிக்கிறது. அதற்கு ஃபிலிமின் வகை, ஒட்டிய தேதி, எந்தக் கண்ணாடிக்கு எந்த அளவு என்பவை எழுதப்பட்ட ரசீது வேண்டும். அக்கறையுள்ள கடைகள் இப்போது ஒட்டி முடித்ததும் ஒளி அளக்கும் கருவியை ஒவ்வொரு கண்ணாடியிலும் வைத்து, காட்டும் எண்ணை ரசீதிலேயே குறித்துத் தருகின்றன; வண்டி திரும்பி வரும் நாளில் அந்த எண்ணே முதலில் சரிபார்க்கப்படுகிறது.