"என் லேப்டாப்பில் நல்லாதானே ஓடுது!" - 'கிரிட்' கணினியில் அந்தப் பேச்சு ஏன் எடுபடாது?

நிரல் எழுதிப் பழகிய எல்லாரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள்: "என் லேப்டாப்பில் நல்லாதானே ஓடுது!"

பள்ளிப் பாடத்துக்கு எழுதிய நிரல் என்றால் அதோடு விட்டுவிடலாம். ஆனால் உங்கள் நிரல் மும்பையில் கொஞ்சம், தைப்பேயில் கொஞ்சம், இத்தாலியில் கொஞ்சம் என ஒரே நேரத்தில் ஆயிரம் கணினிகளில் ஓட வேண்டும் என்றால்?

'கிரிட்' கணினி முறையில் நடப்பது அதுதான்.

கிரிட் என்றால் என்ன?

மின்சாரக் கட்டமைப்பிலிருந்து வந்த பெயர் இது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதில்லை. கணினி ஆற்றலும் அப்படிக் கிடைத்தால் என்ன என்று 1990களில் ஆய்வாளர்கள் யோசித்தார்கள்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் கிரிட் அதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு 40 மில்லியன் முறை ஒன்றையொன்று கடக்கலாம். பெரும்பாலானவற்றை அங்கேயே வடிகட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். மிஞ்சும் தரவையே செர்னால் தனியாகச் சமாளிக்க முடியாது. 40க்கும் அதிகமான நாடுகளில் உள்ள சுமார் 170 நிலையங்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நாளுக்கு ஏறக்குறைய 2 மில்லியன் வேலைகள் அவற்றில் ஓடுகின்றன.

அப்போ இது கிளவுட்தானே?

இல்லை. கிளவுட் என்றால் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி வாடகைக்கு எடுக்கிறீர்கள். கிரிட்டில் கணினிகளின் சொந்தக்காரர்கள் பலர்: பல்கலைக்கழகங்கள், அரசாங்க ஆய்வுக்கூடங்கள். அவர்கள் உங்களைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் உங்கள் நிரலைத் தங்கள் கணினிக்குள் விடுகிறார்கள். நீங்கள் யார், எந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை உறுதிசெய்யும் மின்னிலக்க அடையாளம்தான் உங்கள் நுழைவுச்சீட்டு.

நிரல் எழுதுவதில் என்ன மாறுகிறது?

முதலில், திசை. வழக்கமாகத் தரவை நம் கணினிக்கு இறக்கிக்கொள்வோம். இங்கே தரவு மலைபோல் இருப்பதால் அது நகர்வதைவிட நிரல் அதைத் தேடிப்போவதே மேல். எந்தக் கோப்பு எந்த நாட்டில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் மென்பொருளின் பெயர் ரூசியோ. டான் குயிக்ஸோட் கதையில் வரும் கழுதையின் பெயர்! சுமை தூக்குவதற்குப் பொருத்தமான பெயர்தான்.

அடுத்து, உங்கள் நிரல் போய்ச் சேரும் கணினியில் என்ன இருக்கும் என்று நீங்கள் ஊகிக்கக் கூடாது. உங்கள் 'டெஸ்க்டாப்' ஃபோல்டர் அங்கே இருக்காது. நீங்கள் நேற்று நிறுவிய பைத்தான் தொகுப்பும் இருக்காது. அதற்காகவே செர்னில் 'சிவிஎம்எஃப்எஸ்' என்ற ஏற்பாடு உண்டு. மென்பொருளை ஓர் இடத்தில் பதிப்பித்தால் போதும், எல்லா நிலையங்களும் அதே பதிப்பைப் பார்க்கும். தேவைப்படும் கோப்பு மட்டும் தேவைப்படும் நேரத்தில் வந்து இறங்கும்.

பழகக் கஷ்டமானது இன்னொன்று: தோல்வி சகஜம். ஆயிரம் வேலைகளை அனுப்பினால் சில கட்டாயம் விழும். எங்கோ வட்டு நிரம்பியிருக்கும், எங்கோ இணைப்பு அறுந்திருக்கும். விழுந்ததை மட்டும் திரும்ப அனுப்பும் விதத்தில் நிரலை அமைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே தரவை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

ஆனால் விழும் வேலையை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். அது சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். சத்தமில்லாமல் தப்பாக ஓடும் வேலைதான் ஆபத்து.

ஓர் உதாரணம். பாவனைச் சோதனைகளுக்குத் தற்செயல் எண்கள் தேவை. அவை 'சீட்' என்ற தொடக்க எண்ணிலிருந்து பிறக்கின்றன. ஆயிரம் வேலைகளுக்கும் அதே சீடைக் கொடுத்துவிட்டால்? ஆயிரமும் வெற்றிகரமாக முடியும். எல்லாம் பச்சை. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஆயிரம் சோதனைகள் அல்ல, ஒரே சோதனையின் ஆயிரம் நகல்கள். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும். பல நாடுகளின் கணினி நேரமும் வீண்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒரு வேலையை அனுப்புவார்கள். பிறகு பத்து. விடைகளைத் திறந்து பார்த்த பிறகே ஆயிரம்.

இதெல்லாம் யாருக்காக?

2012 ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வந்தபோது, முடுக்கி இயந்திரத்தோடும் ஆய்வுக் குழுக்களோடும் சேர்த்துக் கிரிட்டுக்கும் நன்றி சொன்னார் செர்னின் அப்போதைய தலைவர். அந்தத் தரவைப் பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் திரும்ப ஆராய விரும்பலாம். அதற்குத் தரவு மட்டும் போதாது. அன்றைய மென்பொருளும் அதே பதிப்பில் ஓட வேண்டும். இப்போது நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் 'கன்டெய்னர்' என்ற ஒரே பொட்டலமாகக் கட்டிவைப்பது வழக்கமாகிவிட்டது.

2014ஆம் ஆண்டு முதல் செர்ன் தன் மோதல் தரவின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. சிஎம்எஸ் குழு வெளியிட்ட தரவுக்கு ஏற்ற கன்டெய்னர்களும் அங்கே கிடைக்கும். லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தானும் இருந்தால் வார இறுதியில் முயன்று பார்க்கலாம். முழுத் தொகுப்பையும் இறக்கப் போய்விடாதீர்கள், உங்கள் வட்டு தாங்காது. ஒரே ஒரு கோப்போடு தொடங்குங்கள்.