பிரிவும் பிணியும்

ஒரு நோய் பரவத் தொடங்கியதும், "இதைக் கொண்டு வந்தவர் யார்?" என்று கேட்பது உலக வழக்கம். அவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் ஓர் ஆணையோ பெண்ணையோ சுட்டிக்காட்டி அமைதியடைந்து விடுவர். சட்டத்தையும் வரியையும் கூலி ஒப்பந்தத்தையும் சுட்டிக்காட்டுவோர் மிகச் சிலரே. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி தென் ஆப்பிரிக்காவில் கணவன் மனைவியரிடையே புகுந்த வரலாறு, அச்சிலர் சொல்வதே மெய் என்பதை விளக்குவதாகும்.

1886-ஆம் ஆண்டில் விட்வாட்டர்ஸ்ராண்ட் என்னும் மேட்டு நிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன் ஏராளமாயிருந்தும், அது ஆழத்தில் கிடந்தது. பாறையை மலைபோல் வெட்டிக் குவித்தாலும் சிறிதளவே தேறும். பொன்னின் விலையைச் சுரங்க முதலாளிகள் உயர்த்த முடியாது. கூலியைக் குறைக்க முடியும். குடும்பத்தோடு வரும் தொழிலாளிக்கு நான்கைந்து வயிறு நிரம்பத்தக்க கூலி கொடுத்தாக வேண்டும். தனியே வருபவனுக்கோ ஒரு வயிற்றுக்குக் கொடுத்தாற் போதும். மனைவி மக்களை ஊரிலுள்ள நிலம் காத்துக்கொள்ளும். இதுவே முதலாளிகள் போட்ட கணக்கு.

சொந்த நிலத்தை உழுது உண்பவன் தானாக வந்து சுரங்கத்தில் இறங்குவானா? இறங்கும்படி செய்யப்பட்டான். நேட்டாலில் 1849 முதலே குடிசை வரி விதிக்கப்பட்டிருந்தது. வரியைப் பணமாகச் செலுத்தவேண்டுமாதலால், பணத்திற்காகக் கூலிக்குப் போகவேண்டியதாயிற்று. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், நாட்டு மக்களுள் மிகப் பெரும்பான்மையோரான ஆப்பிரிக்கருக்கு மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே ஒதுக்கியது. மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி முதலிய நாடுகளிலிருந்தும் ஆள் சேர்ப்போர் வழியாகத் தொழிலாளர் திரட்டப்பட்டனர்.

வந்தவர்கள் 'காம்பவுண்ட்' எனப்பட்ட அடைப்புகளில் வைக்கப்பட்டனர். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880-களில் தோன்றிய இம்முறை பொற்சுரங்கங்களுக்கும் பரவியது. ஓர் அறையில் பலர் அடைந்து கிடப்பர். மனைவிக்கு அங்கே இடமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போகலாம். மறுபடியும் வறுமை துரத்தத் திரும்பி வரவேண்டும். நகரில் ஆப்பிரிக்கர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986-இல்தான் ஒழிந்தன. இவ்வாறு, மணமானவரைப் பிரித்து வைப்பதே ஒரு தொழில் ஏற்பாடாக மூன்று தலைமுறைக்கு மேல் நிலவிற்று.

இதன் தீங்கு எய்ட்ஸ் வருமுன்னரே அறியப்பட்டிருந்தது. நேட்டாலில் பொலேலா என்னுமிடத்தில் 1940-இல் சுகாதார நிலையம் நிறுவிய வைத்தியர் சிட்னி கார்க், மேகநோய் கிராமங்களில் பரவுவதை ஆராய்ந்து 1949-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய்க்கு மருந்து கொடுப்பது மட்டும் போதாது. ஆண்களைக் குடும்பத்தினின்று பிரிக்கும் தொழில் முறையே நோயின் வேர் என்பது அவர் கண்ட முடிவு. அதற்கு முந்திய ஆண்டிலேயே இனப் பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது, வேர் களையப்படவில்லை.

வெட்டாத வேரில் புதிய நோய் தழைத்தது. 1982-இல் தென் ஆப்பிரிக்காவில் முதன்முதலாக எய்ட்ஸ் காணப்பட்டது. அரசாங்க மருத்துவ நிலையங்களுக்கு வந்த கர்ப்பிணிகளுள் 1990-இல் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்றியிருந்தது. 2000-இல் ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு எனப் பெருகியது.

அக்காலத்தில் எல்லாரும் சொன்ன கதை எளியது: கணவன் வெளியூரில் நோயைப் பெற்று வருகிறான், வீட்டிலிருக்கும் மனைவிக்குக் கொடுக்கிறான். மார்க் லூரி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் ஹ்லாபிசா, நொங்கோமா ஆகிய ஜில்லாக்களில் 168 தம்பதிகளைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். கணவன் வெளியூரில் உழைக்கும் தம்பதிகளுள் நூற்றுக்கு 35 தம்பதிகளில் ஒருவருக்கோ இருவருக்குமோ கிருமி இருந்தது. சேர்ந்து வாழ்வோரிடையே இத்தொகை 19 மட்டுமே. எல்லாரும் சொன்ன கதைக்கு இஃது அரண் செய்கிறது. ஆயின், ஒருவருக்கு மட்டும் தொற்றியிருந்த தம்பதிகளுள் நூற்றுக்கு 71-இல் தொற்றுடையவர் கணவர். மீதி 29-இல் மனைவி!

இதைக் கண்டு, "பார்த்தீர்களா பெண்களின் ஒழுக்கத்தை!" என்று கூவுவோர் இருப்பர். கணவனின் பணம் வாராத மாதத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்பதில்லை. ஆணுக்குத் தனிமை உண்டு என ஒப்புக்கொள்ளும் உலகம், பெண்ணுக்கும் அஃது உண்டு என்பதை ஒப்ப மறுக்கிறது. பிரிவு இருபுறமும் வெட்டும் வாள். அதை வீசிய கை கணவனுடையதுமன்று, மனைவியுடையதுமன்று.

அதிகாரத்திலிருந்தோர் தேடிய பரிகாரம் வேறு. 1980-களில் மலாவித் தொழிலாளர் சிலரிடம் தொற்றுக் காணப்பட்டதும், சோதித்து விலக்குவதே வழி என்றனர். அப்பிணக்கில் அந்நாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றுபோயிற்று. பெருந்தொகையினர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். காம்பவுண்டுகள் மட்டும் அப்படியே நின்றன.

இன்று மருந்து இருக்கிறது. ஒன்பது நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி, தொற்றுடையவர் தாமதமின்றி மருந்துண்டால் துணைவருக்குத் தொற்றும் அபாயம் நூற்றுக்கு 96 பங்கு குறைகிறது என்று 2011-இல் காட்டியது. மருந்தை இடைவிடாது உண்டு, சோதனையில் கிருமி புலப்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே துணைக்குத் தொற்றாது என்பது இப்போது உறுதிப்பட்டுள்ளது. ஆனால், மருத்துவச் சீட்டு ஓரூரிலும் பிழைப்பு வேறூரிலும் இருப்பவனுக்கு மருந்து தவறுவது எளிது. கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து சோதித்துக்கொள்ளவும் ஓரிடத்தில் இருக்கவேண்டுமன்றோ?

தோட்டத்தில் செக்ரோல் எழுதும் என் போன்றோருக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு வரி. அவ்வரியில் நாட்கூலி உண்டு. மனைவி எந்நாட்டிலிருக்கிறாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அயல்நாட்டிலிருந்து நம் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் குடும்பத்தை உடனழைத்துவர அனுமதிக்கப்படுவதில்லை. அவர்கள் உடலைச் சோதிக்கிறோம். தொற்றுக் கண்டால் திருப்பி அனுப்புகிறோம். லயத்தில் குடும்பத்தோடு வாழ்ந்து வளர்ந்த நம் சமூகமாவது அம்மனிதரை ஏளனமாக நோக்காதிருக்க வேண்டும். நோயாளியிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "யாரிடம் பெற்றாய்?" என்பதன்று, "எத்தனை நாளாகப் பிரிந்திருக்கிறாய்?" என்பதே.