வீட்டு வலையமைப்பில் வட்டுப் பகிர்வு: வரலாறும் சிக்கல்களும்

வட்டுப் பகிர்வு என்பது, ஒரு கணினியின் வன்வட்டையோ கோப்புறையையோ அதே வலையமைப்பில் உள்ள மற்றொரு கணினி தன்னுடையதுபோலப் பயன்படுத்தும் வசதி ஆகும். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு வீட்டின் கூடத்தில் இருக்கும் பழைய கணினியில் குடும்ப ஒளிப்படங்கள் சேமிக்கப்பட்டிருக்கலாம். புதிதாக வாங்கிய மடிக்கணினி அவற்றைத் திறக்க மறுக்கும். பழுதாகத் தோன்றும் இம்மறுப்புக்குப் பல வேளைகளில் வரலாற்றுக் காரணம் உண்டு.

தோற்றம்

1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாம் எஸ்எம்பி என்னும் நெறிமுறையை உருவாக்கினார். கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் ஆகிய கட்டளைகளை வலையமைப்பு வழியே அனுப்புவதற்கான விதிகளின் தொகுப்பு இது. 1992-இல் வெளிவந்த 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' மூலம் மைக்ரோசாப்ட் இவ்வசதியைச் சிறு அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது. ஏறத்தாழ அதே காலத்தில், ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், யுனிக்ஸ் கணினிகளுக்கும் இதே வசதியைத் தரும் நிரலை எழுதினார். அதுவே பின்னர் 'சாம்பா' எனப் பெயர் பெற்றது.

சென்னையில்

அடையாறை அடுத்துள்ள சென்னை ஐஐடி, 1986-இல் தொடங்கிய எர்னெட் ஆய்வு வலையமைப்பில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது நகரின் பெயர் மெட்ராஸ். தொலைபேசி வழி இணைப்பு இருந்த அந்நாளில், கணினி வாங்கிய வீடுகளிலும் பெரும்பாலும் ஒன்றே இருந்தது. 2000-க்குப் பிறகு கேபிள் டிவி நடத்துவோர் வழியாகவும் அகலக்கற்றை இணைப்பு வீடுகளுக்கு வந்தது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வலையமைப்பு அட்டையும் ஹப்பும் வாங்கி இரு கணினிகளை இணைப்பது எளிதாயிற்று. பல வீடுகள் ஒரே உள்வலையமைப்பில் இருந்த இடங்களில், கடவுச்சொல் இன்றிப் பகிர்ந்த கோப்புறை பக்கத்து வீட்டாருக்கும் தெரியக்கூடும். வீட்டாரை நம்பித் திறந்து வைத்த கதவு தெருவுக்கும் திறந்திருந்தது.

2017: வானாகிரை

எஸ்எம்பி முதல் பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த குறைக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. திருத்தம் நிறுவப்படாத கணினிகளை மே 12 அன்று 'வானாகிரை' என்னும் பணம்பறிக்கும் நிரல் தாக்கியது. அது ஏறக்குறைய 150 நாடுகளுக்குப் பரவிக் கோப்புகளை முடக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி முதல் பதிப்பு இடம்பெறவில்லை. 2009-இல் விண்டோஸ் 7 உடன் அறிமுகமான 'ஹோம்குரூப்' வசதியும் 2018-இல் நீக்கப்பட்டது.

சரிபார்க்கும் வரிசை

1. இரு கணினிகளும் ஒரே ரவுட்டரில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினியால் பொதுவாக மற்றவற்றை அணுக இயலாது.

2. விண்டோஸில் வலையமைப்பு வகை 'பிரைவேட்' என இருக்க வேண்டும். 'பப்ளிக்' என இருந்தால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும்.

3. கணினியின் பெயர் பட்டியலில் தெரியாவிடில், அதன் ஐபி முகவரியை \\192.168.1.5 என்பதுபோலத் தட்டச்சு செய்து பார்க்கலாம். இவ்வாறு திறந்தால் சிக்கல் பெயரைக் கண்டறிவதில்தான், பகிர்வில் அன்று.

4. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், வட்டு உள்ள கணினியின் கணக்கையே தர வேண்டும். திரையைத் திறக்கும் பின் எண் இங்கே செல்லாது.

5. பகிர்வு அனுமதி, கோப்புறை அனுமதி ஆகிய இரண்டும் பொருந்தும். எது கடுமையானதோ அதுவே நடைமுறைக்கு வரும்.

பழைய கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் எக்ஸ்பி எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டுமே அறியும். அதற்காகப் புதிய கணினியிலும் அப்பதிப்பை இயக்கினால் இணைப்பு கிடைக்கலாம். ஆனால் மூடப்பட்ட அதே கதவு மீண்டும் திறக்கும். ஒளிப்படங்களைப் புறவன்வட்டில் படியெடுத்து, புதிய கணினியில் வைத்து அங்கிருந்து பகிர்வதே பாதுகாப்பானது. ஒரே படியாக அப்பழைய வட்டில் மட்டும் கிடக்கும் படங்கள், அது பழுதானால் ஒருவருக்கும் கிடைக்கா.